மஜ்ஜை மாற்றமும் நோயெதிர்ப்பின் தளர்ச்சியும்

1963ஆம் ஆண்டில் பாரிஸ் நகரத்து வைத்தியர் ஜார்ஜ் மாத்தே, இரத்தப் புற்றுநோய் முற்றிய ஒருவருக்கு, அவருடைய நெருங்கிய உறவினர் அறுவரிடமிருந்து எடுத்த எலும்பு மஜ்ஜையைச் செலுத்திச் சிகிச்சை செய்தார். அறுவருள் ஒரு சகோதரனுடைய மஜ்ஜை நோயாளியின் உடலில் வேரூன்றித் தழைத்தது, புற்றுநோய் மறைந்தது, மனித சரீரத்தில் அந்நிய மஜ்ஜை நெடுங்காலம் வாழக்கூடும் என்பதற்குத் திடமான சாட்சியம் கிடைத்துவிட்டதென்று வைத்திய உலகம் மகிழ்ந்தது. ஆயினும் சுமார் 20 மாதங்கள் கழித்து அந்த நோயாளி இறந்துபோனார். பழைய புற்றுநோய் அப்போதும் தலைகாட்டவில்லை. சின்னம்மையை உண்டாக்கும் வைரஸ் மூளையைப் பற்றியதால் வந்த அழற்சியே அவரைக் கொண்டுபோயிற்று. நம் வீடுகளில் வாசலில் வேப்பிலை செருகி, பத்து நாளில் தலைக்குத் தண்ணீர் வார்த்து அனுப்பிவைக்கிற ஒரு கிருமி, கொடிய நோயை வென்று மீண்ட வளர்ந்த மனிதர் ஒருவரை இப்படி வீழ்த்தியது எவ்வாறு என்பதே இக்கட்டுரை எடுத்துக்கொண்ட கேள்வி.

கேட்டவுடன் எவருக்கும் தோன்றும் விடை ஒன்று உண்டு. அந்நிய மஜ்ஜை ஏற்கப்படவேண்டுமானால் நோயாளியின் சொந்தக் காப்பை முதலில் அழித்தாக வேண்டும். அதற்காகப் பாய்ச்சிய கதிர்களும் கொடுத்த மருந்துகளுமே அவரை நிராதரவாக்கின என்பது அது. விடை சரிதான், ஆனால் பாதிதான் சரி. மருந்து நின்ற பின்பும், வெள்ளை அணுக்களின் எண்ணிக்கை நிறைந்த பின்பும், இத்தளர்ச்சி மாதக்கணக்காகவும் சிலரிடத்தில் வருஷக்கணக்காகவும் நீடிப்பதைக் காண்கிறவர்கள், உள்ளே வந்த மஜ்ஜையும் அதனோடு கலந்துவந்த லிம்போசைட் என்னும் வெள்ளை அணுக்களுமே அதற்குப் பெரியதொரு காரணமாகின்றன என்ற முடிவுக்கு வராமல் இருக்க இயலாது. ஆய்வுக்கூடத்தில் 1960களின் தொடக்கத்திலேயே தெரிந்துவிட்ட இந்த இரண்டாம் காரணத்துக்கு, நோயாளியின் படுக்கையருகில் அதற்குரிய மதிப்பு நெடுங்காலம் கொடுக்கப்படவில்லை என்பது என்னுடைய அபிப்பிராயம்.

இத்துறையின் வரலாறு அணுகுண்டின் நிழலில் தொடங்குகிறது. ஹிரோஷிமாவிலும் நாகசாகியிலும் குண்டின் வெப்பத்துக்குத் தப்பியவர்கள் பலர், சில வாரங்களில் இரத்தம் ஊறாமல் மடிந்ததைக் கண்ட அறிஞர்கள், கதிரியக்கத்துக்கு உடலில் எளிதில் இரையாகும் உறுப்புகளில் மஜ்ஜை முதன்மையானது என்று உணர்ந்தனர். 1949இல் சிக்காகோவில் லியான் ஜேக்கப்சன், எலியின் மண்ணீரலை மட்டும் ஈயத்தால் மறைத்துவிட்டு எஞ்சிய உடம்பின்மேல் மரண அளவு கதிர்களைப் பாய்ச்ச, எலிகள் பிழைத்தன. 1951இல் எகான் லோரன்ஸ் குழுவினர், கதிர் பட்ட எலிகளுக்கு மஜ்ஜையை ஊசிவழியாகச் செலுத்தியும் அதே பலனைக் கண்டனர். மண்ணீரலிலிருந்தும் மஜ்ஜையிலிருந்தும் சுரக்கும் ஏதோ ஒரு திரவமே உடலைத் தேற்றுகிறது என்று ஒரு சாரார் வாதித்து வந்தனர். 1956இல் இங்கிலாந்தின் ஹார்வெல் ஆய்வுக்கூடத்தார், நுண்ணோக்கியில் எளிதில் அடையாளம் தெரியும் குரோமோசோம் ஒன்றைத் தாங்கிய எலியின் மஜ்ஜையைக் கொடுத்துப் பார்த்து, பிழைத்த எலியின் எலும்புக்குள் பெருகுபவை கொடுத்த எலியின் அணுக்களே என்று காட்டியபோது அந்த வழக்குத் தீர்ந்தது.

வழக்குத் தீர்ந்ததேயன்றி எலிகளின் துன்பம் தீரவில்லை. வேற்றினத்து மஜ்ஜையைப் பெற்ற எலிகள், கதிரியக்க நோயிலிருந்து தேறிச் சில வாரங்கள் நன்றாகவே ஓடித்திரிந்தன. அதன்பின் மயிர் சிலிர்த்து, முதுகு கூனி, தோல் செதில் செதிலாக உதிர்ந்து, பேதி கண்டு, எடை குன்றி ஒவ்வொன்றாக இறந்தன. தன்னினத்து மஜ்ஜையைப் பெற்ற எலிகளுக்கு இந்தக் கேடு வரவில்லை. இறந்தவற்றை அறுத்துப் பார்த்தபோது நிணநீர்க் கணுக்கள் வற்றிச் சுருங்கியிருந்தன. காரணம் விளங்காத அந்நிலைக்கு ‘இரண்டாம் நோய்’ என்று பெயரிட்டார்கள். 1957இல் டென்மார்க்கின் மார்ட்டன் சைமன்சனும், ஏறத்தாழ அதே காலத்தில் இங்கிலாந்தில் பில்லிங்ஹாமும் பிரெண்டும், வெவ்வேறு வழிகளில் ஒரே உண்மையை எட்டினர்: உடல் ஒட்டைத் தள்ளுவதுபோல் ஒட்டும் உடலைத் தாக்கவல்லது. தாக்குபவை சிறிய லிம்போசைட் அணுக்களே என்பதைச் சில வருஷங்களுக்குள் ஆக்ஸ்போர்டில் ஜேம்ஸ் கவன்ஸ், எலியின் மார்பு நிணநீர்க் குழாயில் வடியும் நீரிலிருந்து அவற்றைத் திரட்டிக் கொடுத்து மெய்ப்பித்தார். மருத்துவமனைகளில் இன்று ஜி.வி.எச்.டி. என்று சுருக்கமாகச் சொல்லப்படும் நோய் இதுதான்.

இனித்தான் நமது கேள்வியின் மையத்துக்கு வருகிறோம். கதிரும் மருந்தும் நோயும் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடக்கும் மனித உடலில், தளர்ச்சியின் எந்தப் பங்கு எதனால் வந்தது என்று பிரித்தறிவது கடினம். ஆகையால் ஆய்வாளர்கள் ஓர் அழகிய ஏற்பாட்டைக் கைக்கொண்டார்கள். எலிகளில் இரு தூய இனங்களை இணைசேர்த்துப் பெறும் முதல் தலைமுறைக் கலப்புக் குட்டிக்குத் தாயின் அடையாளம், தந்தையின் அடையாளம் ஆகிய இரண்டும் உண்டு. தாயினத்து லிம்போசைட்டுகளை அதற்குள் செலுத்தினால், அந்த அணுக்களில் தனக்குப் புதிதாக எதையும் காணாத குட்டி அவற்றை எதிர்க்காமல் ஏற்றுக்கொள்ளும். வந்த அணுக்களோ, தந்தைவழி அடையாளத்தைக் கண்டு அதனை அந்நியமென்று தாக்கும். கதிர் இல்லை, மருந்து இல்லை, முன்னோய் ஏதும் இல்லை. எனவே அந்தக் குட்டியில் தோன்றும் தளர்ச்சி எதுவாயினும் அதனை விருந்தினராக வந்த அணுக்களின் கணக்கில்தான் எழுத வேண்டும்.

எடின்பரோவில் ஹோவர்டும் உட்ரஃபும் 1961இல் இத்தகைய எலிகளைச் சோதித்து, புதிய அந்நியப் பொருளுக்கு எதிராக அவை போதிய எதிர்ப்புப் புரதத்தைத் தோற்றுவிக்கவில்லை என்று தெரிவித்தனர். அதே வகை எலிகளின் முதுகில் முற்றிலும் வேறான எலியின் தோலை ஒட்டியபோது, சாதாரணமாகப் பத்துப் பன்னிரண்டு நாளில் கருகி விழவேண்டிய தோல் நெடுநாள் நிலைத்தது என்பதைப் பின்வந்தோர் கண்டனர். தாக்குதல் நடந்துகொண்டிருக்கும்போதே காப்பு தூங்குகிறது என்பது முதற்பார்வைக்கு முரணாகத் தோன்றும். உள்ளே நடப்பதை நோக்கினால் முரண் இல்லை. தாக்குதலின் ஆரவாரத்தில் பெருவிழுங்கணுக்கள் கிளர்ச்சியுற்று, புராஸ்டகிளாண்டின், நைட்ரிக் ஆக்சைடு முதலியவற்றை அளவுக்குமேல் வெளியிடுகின்றன; அவற்றின் நடுவே எந்த லிம்போசைட்டும், வந்ததாயினும் இருந்ததாயினும், பிளந்து பெருக இயலாமல் திணறுகிறது. இது முதற்கட்டம், கிளர்ச்சி அடங்கினால் இதுவும் அடங்கும். மண்ணீரலிலும் நிணநீர்க் கணுக்களிலும், ஓரணு மற்றோரணுவைச் சந்தித்துச் செய்தி பெறுவதற்கென்று அமைந்த அறைகளும் வழிகளும் சிதைந்துபோவது அடுத்த கட்டம்.

மூன்றாவதும் நிலையானதுமான சேதம் தைமஸ் சுரப்பியில் நேர்கிறது. மார்பெலும்பின் பின்னே ஒளிந்துகிடக்கும் இச்சுரப்பி பயனற்ற எச்சமென்று கருதப்பட்டுவந்த காலத்தில், லண்டனில் ஜாக் மில்லர், பிறந்தவுடன் அதனை இழந்த எலிகள் நோயெதிர்ப்பற்று மடிவதைக் காட்டி அதன் பெருமையை உலகுக்கு உணர்த்தியதும் ஹோவர்டு, உட்ரஃப் கட்டுரை வெளிவந்த அதே 1961இல்தான். மான்ட்ரியாலின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் லாப், சீமேயர் முதலியோர் பின்னர் நடத்திய ஆராய்ச்சிகளில், தாயினத்து அணுக்களைப் பெற்ற எலிகளின் தைமஸ் சுருங்கி, உள்ளிருக்கும் மேற்படலத் திசு சீர்குலைந்து, அச்சுரப்பிக்கே உரிய ஹாசல் துகள்கள் மறைந்துபோவது தெளிவாயிற்று. லிம்போசைட்டுகளில் ஒரு வகையான டி அணுக்கள் முதிர்வதும், அவற்றுள் சொந்த உடலைத் தாக்கக்கூடியவை களையப்படுவதும் அந்தத் திசுவில்தான். அது கெட்டால் புதிய டி அணுக்கள் குறைவாகப் பிறக்கின்றன. பிறப்பவற்றுள்ளும் களையப்படவேண்டியவை தப்பி வெளியேறுகின்றன. கிருமியை எதிர்க்க வலுவில்லாத காப்பு, உமிழ்நீர்ச் சுரப்பிகளையும் தோலையும் கல்லீரலையும் மட்டும் விடாமல் அரித்துத் தின்பதாகிய நாட்பட்ட ஜி.வி.எச்.டி.யின் விசித்திர இயல்பு, வேலியே பயிரை மேய்கிற அந்தக் கதை, பெரும்பகுதி இங்கிருந்தே விளங்குகிறது.

இவ்விடத்தில் ஒரு சிறு கிளைக்கதை. 1970களின் இறுதியில் சியாட்டில் ஆய்வாளர்கள், நாட்பட்ட ஜி.வி.எச்.டி. உள்ள நோயாளிகளின் இரத்தத்தில், பிற அணுக்களின் செயலைப் பொதுவாக அடக்கும் அணுக்கள் இருப்பதாகத் தெரிவித்தனர். அடக்கும் அணுக்கள் என்ற கொள்கை அக்காலத்தில் கொடிகட்டிப் பறந்தது. 1980களில் அதன் ஆதாரங்கள் சில பொய்த்துப்போகவே, அச்சொல்லை உச்சரிக்கவே அறிஞர்கள் கூசினர். 1995இல் ஜப்பானின் ஷிமோன் சகாகுச்சி, அடக்குவதையே தொழிலாகக் கொண்ட தனியொரு டி அணு வகையைத் திட்டமாக அடையாளம் காட்டினார்; 2025இல் அவருக்கும் மேரி பிரங்கோ, பிரெட் ராம்ஸ்டெல் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. விஞ்ஞானத்திலும் மோஸ்தர் உண்டு என்பதற்கு இதைவிட வேறு உதாரணம் தேட வேண்டியதில்லை.

லிம்போசைட்டின் வன்மையை இன்னும் கொடூரமாகக் காட்டுவது மஜ்ஜை மாற்றமன்று, சாதாரண இரத்தம் ஏற்றுதல். நோயெதிர்ப்பு குன்றியவருக்கோ, அடையாளங்கள் பெரிதும் ஒத்த நெருங்கிய உறவினரிடமிருந்து பெறுபவருக்கோ ஏற்றப்படும் இரத்தத்தில் உள்ள லிம்போசைட்டுகள், அபூர்வமாக, தள்ளப்படாமல் தங்கிப் பெருகி உடலைத் தாக்கிவிடுகின்றன. மஜ்ஜை மாற்றத்துக்குப் பின் வரும் ஜி.வி.எச்.டி.யிலிருந்து பலர் பிழைக்கிறார்கள். இதிலிருந்து பிழைத்தவர்கள் மிகச் சிலரே. காரணம் எளிது. அங்கே மஜ்ஜையும் கொடையாளியுடையதே ஆதலால் தாக்கும் அணுக்கள் அதைத் தொடுவதில்லை. இங்கே மஜ்ஜை நோயாளியுடையது. ஆகவே தோல், குடல், கல்லீரல் ஆகியவற்றோடு மஜ்ஜையும் அழிக்கப்பட்டு, இரத்தம் ஊறும் மூலமே வற்றிவிடுகிறது. இந்த அச்சத்தினாலேதான் மஜ்ஜை மாற்று நோயாளிகளுக்கு ஏற்றப்படும் ஒவ்வொரு பை இரத்தமும் 25 கிரே அளவு கதிர்வீச்சுக்கு உட்படுத்தப்படுகிறது. சிவப்பணுவுக்கு அதனால் பெரிய ஊறில்லை, லிம்போசைட்டோ பெருகும் சக்தியை இழந்துவிடுகிறது.

நாமே வலிந்து உண்டாக்கும் தளர்ச்சியைப்பற்றி விரிவாகச் சொல்ல வேண்டியதில்லை. 1970இல் மார்ட்டிமர் போர்ட்டின், அதுவரை நடந்த ஏறத்தாழ 200 மஜ்ஜை மாற்றங்களைத் தொகுத்துப் பார்த்தபோது கிடைத்த சித்திரம் இருண்டது. பலர் அந்தத் துறையையே கைவிட்டனர். கைவிடாதவருள் தலையாயவர் சியாட்டிலின் டொனால் தாமஸ். ஜான் டோசே 1958 முதல் வெளிப்படுத்திவந்த எச்.எல்.ஏ. அடையாளங்களை ஒப்பிட்டு, உடன்பிறந்தாரில் நால்வரில் ஒருவருக்கு வாய்க்கக்கூடிய பொருத்தத்தைத் தேர்ந்து, கதிரும் சைக்ளோபாஸ்பமைடும் கொடுத்து உடலைத் தயார்செய்து, பின்னர் மீத்தோட்ரெக்சேட்டால் வந்த அணுக்களை அடக்கி, மற்றெல்லாச் சிகிச்சையும் தோற்ற 100 நோயாளிகளின் கதையை 1977இல் அவர் குழு வெளியிட்டது. அவர்களில் 13 பேர் நோயின்றி உயிரோடிருந்தனர். பாசலில் ழான் போரெல் ஒரு பூஞ்சையிலிருந்து பெற்ற சைக்ளோஸ்போரினின் தன்மையை விளக்க, அதனை மீத்தோட்ரெக்சேட்டோடு சேர்த்துக் கொடுப்பது இரண்டில் ஒன்றைமட்டும் கொடுப்பதினும் மேல் என்று 1986இல் ரெய்னர் ஸ்டார்ப் காட்டினார். 1990இல் தாமஸுக்கு நோபல் பரிசு வந்தது.

படுக்கையில் கிடப்பவருக்கு இவையெல்லாம் நாட்களாகவே அனுபவமாகின்றன. மஜ்ஜை ஏறும் நாள் பூஜ்யம். தொங்கும் பையைப் பார்த்தால் இரத்தம் ஏற்றுவதற்கும் அதற்கும் வேற்றுமை தெரியாது. அதற்கு முன்பே வெள்ளை அணுக்கள் அற்றுப்போகத் தொடங்கியிருக்கும். வடிகட்டிய காற்று புகும் தனியறை, அப்போது சமைத்த சூடான உணவு, உள்ளே வருகிறவர் ஒவ்வொருவரும் கை கழுவிய ஈரம். வெளியே காத்திருக்கும் குடும்பத்தார் ஒவ்வொரு காலையிலும் கேட்பது ஒரே கேள்வி: “கவுன்ட் ஏறிச்சா டாக்டர்?” 1986இல் மாமன் சாண்டி தலாசீமியா நோய்க்கு மஜ்ஜை மாற்றம் தொடங்கிய வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி முதலாக, இந்தக் கேள்வி ஒலிக்காத மாற்று வார்டு தமிழ்நாட்டில் இராது. நியூட்ரோபில் அணுக்கள் ஒரு மைக்ரோலிட்டருக்கு 500 என்ற அளவை எட்டி மூன்று நாள் தொடர்ந்து நின்றால் மஜ்ஜை பிடித்துவிட்டதென்று கொள்வது மரபு. பெரும்பாலும் இரண்டு முதல் நான்கு வாரங்களுக்குள் அது நிகழ்கிறது.

குடும்பம் அன்று பெருமூச்சு விடுகிறது, வைத்தியர் விடுவதில்லை. நியூட்ரோபில்லைத் தொடர்ந்து இயற்கைக் கொல்லணுக்கள் முதல் இரண்டு மாதங்களுக்குள் வந்துவிடும், பி அணுக்கள் பல மாதம் தாழ்ந்து வந்து, தரமான எதிர்ப்புப் புரதம் செய்யக் கற்பதற்கு ஓர் ஆண்டுக்கு மேலும் எடுத்துக்கொள்ளும், சி.டி.4 எனப்படும் உதவி டி அணுக்களோ, வயது வந்தவரிடத்தில், தைமஸ் முன்னமே சுருங்கியிருப்பதால், ஓராண்டு கடந்தும் பற்றாக்குறையாகவே இருக்கும். கிருமிகளும் இந்த வரிசையை அறிந்தவை போலவே வருகின்றன. முதல் வாரங்களில் குடலிலிருந்தும் தோலிலிருந்தும் ஏறும் பாக்டீரியாவும் காளானும். அடுத்து, நூறாம் நாள் வரையில், உறங்கிக்கிடந்த சைட்டோமெகலோ வைரஸ். அதன்பின் சின்னம்மை வைரஸின் மறுவரவாகிய அக்கி, நிமோனியா உண்டாக்கும் உறையணிந்த கிருமிகள். நாட்பட்ட ஜி.வி.எச்.டி. உள்ளவருக்கு மண்ணீரல் இருந்தும் இல்லாததுபோல் செயலிழப்பதால், கடைசியாகச் சொன்னவை அவரைக் கூடுதலாகத் தாக்கும். குழந்தைப் பருவத்தில் போட்ட தடுப்பூசிகளின் நினைவும் பெரும்பாலும் அழிந்துபோகிறபடியால், நாற்பது வயதுக்காரரும் கைக்குழந்தையைப்போல முதலிலிருந்து ஊசி போட்டுக்கொள்ள வேண்டும். தட்டம்மை போன்ற உயிருள்ள தடுப்பூசிகளுக்கு இரண்டு ஆண்டுகளேனும் காத்திருக்க வேண்டும், அதுவும் நோயும் அடக்கு மருந்தும் இல்லாதிருந்தால்.

தாக்குபவை டி அணுக்களே என்றால், அவற்றை முன்கூட்டியே களைந்துவிட்டு மஜ்ஜையைக் கொடுத்தாலென்ன? இயல்பாக எழும் இந்த எண்ணத்தை, சோயா அவரையின் புரதமொன்றைக் கொண்டு யாய்ர் ரைஸ்னர் முதலியோர் 1980களின் தொடக்கத்தில் செயலாக்கினர். ஜி.வி.எச்.டி. குறைந்தது, ஆனால் மஜ்ஜை பிடிக்காமற்போவது மிகுந்தது, புற்றுநோய் திரும்புவது மிகுந்தது, வைரஸ் நோய்களும் மிகுந்தன. பிறவியிலேயே நோயெதிர்ப்பின்றி, டெக்சாஸில் பிளாஸ்டிக் குமிழிக்குள் பன்னிரண்டு வயதுவரை வளர்ந்த சிறுவனுக்கு, டி அணு களைந்த மஜ்ஜையை 1983இல் அவன் சகோதரியிடமிருந்து கொடுத்தார்கள். அம்மஜ்ஜையில் எப்ஸ்டீன்-பார் வைரஸ் உறங்கிக் கிடந்தது. அதை அடக்கிவைக்க டி அணுக்கள் இல்லாமையால் பி அணுக்கள் கட்டற்றுப் பெருகி நிணநீர்ப் புற்றாக மாற, 1984 பிப்ரவரியில் அச்சிறுவன் இறந்தான். தளர்ச்சிக்குக் காரணமாகும் அணுவே அதன் பரிகாரமுமாகும் என்பதை இதைவிடத் துயரமான முறையில் கற்றிருக்க முடியாது.

பரிகாரம் என்ற பக்கத்தை வெளிப்படையாகக் கையாண்டவர் மியூனிக்கின் ஹான்ஸ்-யோகெம் கோல்ப். மஜ்ஜை மாற்றத்துக்குப் பின் நாட்பட்ட இரத்தப் புற்று திரும்பிய மூவருக்கு, முதலில் மஜ்ஜை கொடுத்தவரின் லிம்போசைட்டுகளையே மறுபடியும் செலுத்தி நோயை மறையச் செய்ததாக 1990இல் அவர் எழுதினார். பூஜ்ய நாளில் கொடுத்தால் உயிருக்கே உலைவைக்கும் அதே அணுக்களை, ஓராண்டு கழித்து, ஒரு கிலோ எடைக்கு ஒரு கோடி என்ற அளவில் கொடுத்தால் பலர் தாங்கிக்கொள்வதேன்? கதிராலும் மருந்தாலும் புண்பட்ட குடலும் தோலும் அதற்குள் ஆறிவிட்டன. அந்நிய அடையாளத்தை எடுத்துக்காட்டி லிம்போசைட்டைத் தூண்டும் நோயாளியின் பழைய அணுக்களும் பெரும்பாலும் அகன்றுவிட்டன. அங்கும் ஒரு கண்ணி உண்டு: நோயாளியின் சொந்த இரத்த மூலமே மீண்டும் ஆதிக்கம் பெற்றிருந்தால், இரத்தம் ஏற்றியதால் வரும் ஜி.வி.எச்.டி.யில் நிகழ்வது போலவே மஜ்ஜை வற்றிப்போகும். எப்ஸ்டீன்-பார் வைரஸால் வரும் நிணநீர்ப் புற்றுக்கும் கொடையாளியின் லிம்போசைட்டுகள் பயன்படும் என்பதை நியூயார்க்கில் 1994இல் ஐந்து நோயாளிகளிடம் கண்டார்கள். பின்னர் அந்த வைரஸை மட்டும் அறிந்த டி அணுக்களைத் தனியே வளர்த்துக் கொடுப்பது கைவந்த வித்தையாகி, அவ்வகை மருந்தொன்று 2022இல் ஐரோப்பாவில் அங்கீகாரமும் பெற்றது.

அடக்குவதிலும் இத்தகைய விவேகம் வந்தது. மஜ்ஜை ஏறிய மூன்றாம் நாளும் நான்காம் நாளும் சைக்ளோபாஸ்பமைடைக் கொடுத்தால், அந்நியத்தைக் கண்டு வெறியுடன் பெருகத் தொடங்கிய அணுக்களே பெரும்பாலும் அடிபடுகின்றன. இரத்தத்தின் மூல அணுக்களும், அடக்கும் டி அணுக்களும், அம்மருந்தைச் செரிக்கும் நொதி நிறைந்திருப்பதால் தப்புகின்றன. ஜான்ஸ் ஹாப்கின்ஸில் ஜார்ஜ் சாண்டோஸ் காலத்து எலி ஆராய்ச்சிகளில் வேர்கொண்ட இந்த முறை, எச்.எல்.ஏ. பாதியளவே பொருந்தும் தாயும் தந்தையும் பிள்ளைக்கு மஜ்ஜை கொடுக்கும் வழியைத் திறந்தது. சிறு குடும்பங்கள் மிகுந்த நாடுகளில் இதன் அருமையைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. மற்றோர் எல்லையில், பாஸ்டனில் மஜ்ஜையையும் சிறுநீரகத்தையும் ஒரே கொடையாளியிடமிருந்து பெற்ற ஐவரில் நால்வர், அடக்கு மருந்துகளை முற்றிலும் நிறுத்தியும் சிறுநீரகத்தைக் காத்துக்கொண்டதாக 2008இல் செய்தி வந்தது.

இவ்வளவு முன்னேற்றத்துக்கும் பிடிகொடாமல் நிற்பது தைமஸ் சுரப்பியே. மேற்படலத்தைத் தழைக்கச்செய்யும் வளர்ச்சிக் காரணி ஒன்று எலிகளில் அதனைச் சேதத்திலிருந்து காத்து, புதிய டி அணுக்களைப் பெருக்கிற்று. அதே பொருளை மனிதருக்குக் கொடுத்துப் பார்த்த சோதனைகளில் வாய்ப்புண் ஆறியதே தவிர, எதிர்பார்த்த மீட்சி தெளிவாகக் கிட்டவில்லை. எலிக்குஞ்சின் தைமஸ் வேறு, ஐம்பது வயது மனிதரின் மார்பில் கொழுப்பேறிக் கிடக்கும் தைமஸ் வேறு. முன்னதில் சேதத்தைத் தடுத்தால் போதும். பின்னதில் இல்லாததை உண்டாக்க வேண்டியிருக்கிறது. மஜ்ஜை மாற்றம் பெறுவோரின் சராசரி வயது ஏறிக்கொண்டே போகும் இக்காலத்தில், மருந்தைக் குறைப்பதிலும் பொருத்தத்தைக் கூட்டுவதிலும் செலவிடும் உழைப்பில் ஒரு பங்கையேனும் அச்சுரப்பிக்குச் செலவிடாத வரையில், மாத்தேயின் நோயாளியை வீழ்த்திய வைரஸைத் தடுக்க ஓராண்டுக்கு மேலாக அசைக்ளோவிர் மாத்திரையையே நம்பியிருக்க வேண்டியதுதான்.